கண்ணியா, சுருக்கா? யாங்கோன் மாடிவீட்டுக்குக் கயிறு கட்டும் வழி

பழைய ரங்கூனான யாங்கோனின் நடுப்பகுதிக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் அண்ணாந்து பார்த்ததும் கேட்பது, "ஏங்க, எல்லா வீட்டு பால்கனியிலிருந்தும் கயிறு தொங்குதே, எதுக்கு?" என்பதுதான். இங்கே பழைய அடுக்குமாடிகள் பலவற்றில் லிப்ட் கிடையாது. ஆறு மாடி, எட்டு மாடி என்றாலும் குறுகலான செங்குத்துப் படிதான். காலையில் பேப்பர் போடுகிறவரோ சாப்பாடு கொண்டுவருகிறவரோ அத்தனை படி ஏறமாட்டார். அதனால் சின்னச் சாமான்கள் எல்லாம் கயிற்றில் வரும், கயிற்றில் போகும். கீழ் முனையில் ஒரு பெரிய பேப்பர் கிளிப்போ பையோ இருக்கும், மேல் முனையில் ஒரு மணி. கீழே இருப்பவர் மாட்டிவிட்டு ஓர் இழுப்பு இழுத்தால் மேலே மணி அடிக்கும். விருந்தாளி வந்தால் வாசல் சாவிகூட இதே கயிற்றில் இறங்கும்.

நான் ஆறாம் மாடிக்கு வந்த புதிதில் எனக்குத் தெரிந்த ஒரே முடிச்சைப் போட்டு, அதாவது செருப்பு லேஸ் கட்டுகிற மாதிரி இரண்டு தடவை மாற்றிக் கட்டி, பையைத் தொங்கவிட்டேன். பளபளவென்ற புது நைலான் கயிறு. ஒன்பதாம் நாள் காலையில் சுடச்சுட ஒரு பை மொஹிங்கா ஏறிக்கொண்டிருந்தது. மூன்றாம் மாடி தாண்டியதும் முடிச்சு மெல்ல உருவிக்கொண்டது. மீன்குழம்பும் நூடுல்ஸும் கீழே நின்றிருந்த ஒரு சைக்காவின், அதாவது இங்கத்துச் சைக்கிள் ரிக்ஷாவின், இருக்கையில் போய் விழுந்தன. சைக்காக்காரர் முதலில் சிரித்தார், இருக்கையைத் தொட்டுப் பார்த்த பிறகு சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் பால்கனியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். இளம்வயதில் ஆற்றுப் படகுகளில் வேலை செய்தவர். "முடிச்சுத்தான் போட்டிருக்கே தம்பி, கண்ணி போடலியே" என்றார்.

அன்று சாயங்காலம் அவர் சொல்லிக்கொடுத்ததும், அதற்கப்புறம் நானே கட்டி அவிழ்த்துக் கற்றுக்கொண்டதும்தான் இங்கே இருக்கிறது. கையில் இரண்டு கெஜம் கயிறு வைத்துக்கொண்டு படியுங்கள். வெறுமனே படித்தால் ஒன்றும் புரியாது.

முதலில் ஒரு கேள்வி

கயிற்றில் வளையம் போடுவதற்கு முன்னால் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: பாரம் வந்தால் இந்த வளையம் சுருங்க வேண்டுமா, சுருங்கக் கூடாதா?

சுருங்கக் கூடாது என்றால் அது நிலையான கண்ணி. பையைத் தொங்கவிடுவது, படகைக் கம்பத்தில் மாட்டுவது, ஆளைத் தூக்குவது எல்லாம் இந்த வகை. சுருங்க வேண்டும் என்றால் அது சுருக்கு. மூட்டையின் வாயைக் கட்டுவது, விறகுக் கட்டை இறுக்குவது, பூக் கட்டுவது எல்லாம் அந்த வகை. நான் பார்த்த கயிற்று விபத்துகளில் பெரும்பாலானவை ஒன்று தேவைப்படும் இடத்தில் மற்றொன்றைப் போட்டதால் வந்தவை. கயிறு அறுந்து விழுந்தவை குறைவு.

கயிறு

கடையில் பர்மிய மொழியில் 'ச்சோ' என்று கேட்டால் கயிறு. கெஜக் கணக்கில் வெட்டிக் கொடுப்பார்கள். பால்கனிக்கு எத்தனை கெஜம் வேண்டும் என்று ஒரு மாடிக்குப் பதினோரு அடி வீதம் கணக்குப் போட்டு, அதற்கு மேல் ஆறடி சேர்த்து வாங்குங்கள். முடிச்சுகளே நிறையக் கயிற்றை விழுங்கிவிடும்.

எந்தக் கயிறு என்பது முக்கியம். தேங்காய்நார்க் கயிறு சொரசொரப்பானது, முடிச்சு நன்றாகப் பிடிக்கும், உப்புத் தண்ணீரையும் தாங்கும். ஆனால் கையைக் கிழிக்கும், துணியில் நார் ஒட்டும். பருத்திக் கயிறு கைக்கு இதமானது, ஆனால் மழையில் ஊறிப் பூஞ்சணம் பிடித்துவிடும். நைலான் வலுவானது, இழுத்தால் நீளும், நனைந்தால் வலு கொஞ்சம் குறையும். மலிவாகக் கிடைக்கும் பச்சை, நீலப் பிளாஸ்டிக் கயிறு பாலிபுரோப்பிலீன். தண்ணீரில் மிதக்கும் என்பதால் படகுக்காரர்களுக்குப் பிடிக்கும். ஆனால் வெயிலில் கிடந்தால் அதன் மேல்தோல் பொடிப்பொடியாக உதிரும். உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்துப் பொடி ஒட்டினால் அந்தக் கயிற்றை மாற்றிவிடுங்கள்.

பால்கனிக்கு நான் இப்போது வைத்திருப்பது பின்னல் போட்ட நைலான் கயிறு, சுண்டுவிரலில் பாதிப் பருமன். வெட்டிய முனையை மெழுகுவர்த்தியில் காட்டி உருக்கிவிடுங்கள். உருகிய நைலானை விரலால் அமுக்காதீர்கள், தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு பழைய கரண்டியின் பின்புறத்தால் அமுக்கலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருக்களில் மின்கம்பிகள் பால்கனிக்குக் கைக்கெட்டும் தூரத்தில்தான் ஓடுகின்றன. கயிறு எந்தக் கம்பியையும் உரசாத இடமாகப் பார்த்துத் தொங்கவிடுங்கள். இரும்புக் கம்பியையோ கம்பி இழை கலந்த கயிறையோ இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். மழை நேரத்தில் ஈரக் கயிறும் நம்பத் தகுந்ததல்ல.

பெரியவரின் கண்ணி

கப்பலிலும் படகிலும் இதை பௌலைன் என்பார்கள். நிலையான கண்ணி ஒன்றே ஒன்று கற்றுக்கொள்ள முடியும் என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். எவ்வளவு பாரம் தொங்கினாலும் கண்ணி சுருங்காது, பாரம் இறங்கியதும் இரண்டு விரலால் அவிழ்த்துவிடலாம்.

இதற்கு மூன்று சொற்கள் வேண்டும். கையில் பிடித்து வேலை செய்கிற நுனியை முனை என்கிறேன். பாரத்தை இழுக்கப்போகிற நீளமான பக்கத்தைத் தாய்க்கயிறு என்கிறேன். முனையை நுழைக்காமல் கயிற்றை இரட்டையாக மடித்தால் அது மடிப்பு.

1. முனையிலிருந்து ஒன்றரை முழம் தள்ளி, கயிற்றில் ஒரு சின்ன வளையம் போடுங்கள். முனைப் பக்கம் தாய்க்கயிற்றின் மேலே கிடக்க வேண்டும். இந்தச் சின்ன வளையம்தான் பாம்புப் புற்று, மேலே போகிற தாய்க்கயிறு வேப்பமரம்.

2. முனைதான் பாம்பு. புற்றுக்கு அடியிலிருந்து மேலே வரட்டும். எவ்வளவு பெரிய கண்ணி வேண்டுமோ அந்த அளவை இப்போதே கீழே விட்டுவிடுங்கள்.

3. பாம்பு வேப்பமரத்தின் பின்பக்கமாகச் சுற்றி வரட்டும்.

4. வந்த வழியே மறுபடி புற்றுக்குள் இறங்கட்டும்.

5. முனையையும் அதையொட்டிய கண்ணிக் காலையும் சேர்த்து ஒரு கையால் பிடித்து, மறுகையால் தாய்க்கயிற்றை இழுத்து இறுக்குங்கள்.

சரியாக வந்திருந்தால் முனை பெரிய கண்ணிக்கு உள்பக்கமாக நிற்கும். வெளிப்பக்கமாக நின்றாலும் பிடிக்கும், ஆனால் எங்காவது மாட்டிக்கொண்டால் கலைய வாய்ப்பு அதிகம். இழுத்ததும் எல்லாமே கலைந்து நேர்க்கயிறாகிவிட்டால் முதல் படியில் வளையத்தைத் தலைகீழாகப் போட்டுவிட்டீர்கள். பெரும்பாலானவர்கள் தடுமாறுவது அங்கேதான். நானும் முதல் நாள் இருபது தடவையாவது தடுமாறினேன். "பாம்பு புத்தை விட்டுட்டு எங்கெங்கேயோ போகுதே" என்று பெரியவர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

அவிழ்ப்பதற்கு, தாய்க்கயிற்றைச் சுற்றி வளைந்திருக்கும் பகுதி இருக்கிறதே, அதன் முதுகைக் கட்டைவிரலால் கீழே தள்ளி ஒடியுங்கள். தளர்ந்துவிடும்.

இதற்குக் குறையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பாரம் தொங்கும்போது இதை அவிழ்க்க முடியாது. பாரமே இல்லாமல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தால், அதுவும் வழுக்கும் நைலானாக இருந்தால், தானாகவே தளர்ந்துவிடும். பால்கனிக் கயிறு நாள் முழுக்கச் சும்மா ஆடிக்கொண்டிருப்பதுதானே! ஆகவே முனையை ஒரு சாண் நீளமாக விட்டு, அதைக் கண்ணியின் பக்கத்துக் காலில் சுற்றி ஒரு சாதா முடிச்சுப் போட்டுவிடுங்கள். இந்தக் காவல் முடிச்சைப் போட்ட பிறகு என் பை ஒருமுறைகூட விழவில்லை.

எந்த முடிச்சும் கயிற்றின் வலுவைக் குறைக்கும். வளைவில் வெளிப்பக்க இழைகள் அளவுக்கு மீறி இழுபடும், உள்பக்க இழைகள் நசுங்கும், பாரத்தை எல்லா இழையும் சமமாகப் பகிராது. பௌலைன் போட்டால் மூன்றில் ஒரு பங்கு வலு போய்விட்டது என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தேங்காயும் சாவியும் இறக்குவதற்கு இந்தக் கணக்குத் தேவையில்லை. அரிசி மூட்டை தூக்குவதாக இருந்தால் தேவை.

முனை கைக்கு எட்டாதபோது

சில சமயம் கயிற்றின் நடுவில் கண்ணி வேண்டியிருக்கும். அப்போது கயிற்றை மடித்து, மடிப்பையே முனையாக நினைத்து ஒரு சாதா முடிச்சுப் போடலாம். எளிது, சீக்கிரம், ஆனால் பாரம் தொங்கிய பிறகு கடித்தாலும் அவிழாது. அதைவிட எட்டு வடிவ முடிச்சு மேல். மடிப்பைத் தாய்க்கயிற்றின் மேலாகக் கொண்டுபோய், பின்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி, முதலில் உண்டான வளையத்துக்குள் முன்பக்கமிருந்து நுழையுங்கள். இறுக்குவதற்கு முன் பார்த்தால் இரட்டைக் கயிற்றில் எழுதிய 8 மாதிரி இருக்கும். மலை ஏறுகிறவர்கள் உயிரை நம்பிக் கட்டுவது இதைத்தான். தப்பாகப் போட்டால் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும் என்பது அவர்களுக்குப் பெரிய வசதி.

சுருக்கு, அப்புறம் பூக் கட்டுவது

உருவாஞ்சுருக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். சின்னதாக ஒரு நிலைக்கண்ணி போட்டு, அதற்குள் தாய்க்கயிற்றையே நுழைத்து இழுத்தால் ஆயிற்று. அந்தச் சின்னக் கண்ணி பௌலைனாக இருந்தால் வேலை முடிந்ததும் சுலபமாக அவிழும். மூன்றாம் மாடித் தகரக் கூரையில் விழுந்த வாளியை ஆறாம் மாடியிலிருந்து நான் மீட்டது இந்த முறையில்தான், அரை மணிநேரம் தூண்டில் போடுவதுபோலப் போட்டு. மனிதர் உடம்பிலோ நாய் கழுத்திலோ மட்டும் இதைப் போடவே கூடாது. குழந்தைகள் உள்ள வீட்டில் சுருக்கு போட்ட கயிற்றைக் கையெட்டும் இடத்தில் தொங்கவிடாதீர்கள்.

கம்பியில் கயிற்றைக் கட்டும் முடிச்சு ஒன்று இருக்கிறது. மேல்முனையை பால்கனிக் கிராதியில் கட்ட அதுதான் வேண்டும். ஆங்கிலேயப் படகுக்காரர்கள் அதை க்ளோவ் ஹிட்ச் என்பார்கள். பூக் கட்டத் தெரிந்த பெண்களுக்கு இதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

அனோரத்தா வீதிப் பக்கம், தமிழர்கள் 1871இல் கட்டிய காளி கோயிலுக்குப் போகும்போது பூக் கட்டுகிறவர்களின் விரலைக் கொஞ்சம் கவனியுங்கள். இரண்டு இரண்டு மல்லிகையாகக் காம்போடு காம்பு சேர்த்து எதிரெதிரே வைத்து, நூலை ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். அப்புறம் நூலை இரண்டு விரலில் முறுக்கி ஒரு வளையம் ஆக்கி, அதைக் காம்புகளின் மேல் கவிழ்த்து இழுப்பார்கள். நூலின் முனை எங்கேயும் நுழைவதே இல்லை. முனையோ பந்தாகச் சுருண்டு மடியில் கிடக்கும், அதை ஒவ்வொரு பூவுக்கும் நுழைத்துக்கொண்டிருந்தால் பூஜை முடிந்துவிடும். கம்பியில் கட்டும் முடிச்சும் கிட்டத்தட்ட இதே சங்கதிதான். ஒரு சுற்று, அதன்மேல் அதே திசையில் இன்னொரு கவிழ்ப்பு. பூ பாரம் தாங்காது, கம்பி தாங்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கிராதியில் கட்டும்போது முனையைக் கம்பியின் மேல் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். சுற்றிவந்த முனை தன்னையே குறுக்காகத் தாண்டி அடுத்த பக்கம் போய் இன்னொரு சுற்றுச் சுற்றட்டும். இந்த இரண்டாவது சுற்றை முடிக்கும்போது முனையை அந்தக் குறுக்குக் கோட்டுக்கு அடியில் நுழைத்து இழுங்கள். வெளியே தெரிவது ஒரு சாய்வுக் கோடு, அதன் அடியிலிருந்து இரண்டு பக்கமும் போகும் இரண்டு கயிறு. அப்படித் தெரியவில்லை என்றால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். வழவழப்பான கம்பியில் இது நகரும், ஆகவே மீதி முனையைத் தாய்க்கயிற்றில் இரண்டு தடவை சுற்றி நுழைத்து இறுக்கிவிடுங்கள்.

பால்கனிக் கயிற்றைச் சேர்த்துக் கட்டுவது

மேல்முனை கிராதியில். அதிலிருந்து ஒரு முழம் கீழே, கயிற்றின் நடுவில் எட்டு முடிச்சில் ஒரு சின்னக் கண்ணி போட்டு மணியை அதில் மாட்டுங்கள். மணியை மேல்முனையிலேயே கட்டினால் கீழிருந்து இழுக்கும் பாரம் முழுக்க மணியின் காதில் விழும், காது பிய்ந்துவிடும். கண்ணியில் தொங்கினால் மணி ஆட மட்டும் செய்யும், பாரம் கிராதிக்குப் போய்விடும்.

கீழ்முனையில் பௌலைன், காவல் முடிச்சோடு. கண்ணி உள்ளங்கை நுழையும் அளவு இருக்கட்டும். கிளிப்பை நேராகக் கயிற்றில் கட்டாமல் கால் முழம் நூல்கயிற்றில் கட்டி, அந்த நூல்கயிற்றைக் கண்ணியில் கோத்துவிடுங்கள். கிளிப் உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். கண்ணி ஒரு சராசரி ஆளின் தலைக்கு ஒரு சாண் மேலே, கையைத் தூக்கினால் எட்டும் உயரத்தில் நிற்க வேண்டும். அதைவிடத் தாழ்ந்தால் நடந்துபோகிறவர் நெற்றியில் கிளிப் இடிக்கும், பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் மணி அடித்துவிட்டு ஓடும். இரண்டாவதைத் தடுக்க எந்த முடிச்சாலும் முடியாது.

பையைக் கண்ணியில் மாட்ட ஒரு சுலபமான வழி. பையின் காதைக் கண்ணிக்குள் நுழையுங்கள். பையைத் தூக்கி அந்தக் காதுக்குள்ளேயே இழுத்து எடுங்கள். பை தன் பாரத்தாலேயே தன்னை இறுக்கிக்கொள்ளும். பெட்டிகளில் பெயர்ச்சீட்டு மாட்டுவதும் செல்போனுக்குக் கழுத்துக் கயிறு கோப்பதும் இப்படித்தான். கீழே நிற்கும் சாப்பாட்டுக்கடைப் பையனுக்கு இதை ஒரு தடவை காட்டிவிட்டால் போதும், அப்புறம் அவன் தெரு முழுக்கச் சொல்லிக்கொடுத்துவிடுவான்.

மழைக்காலமும் கொடிக்கயிறும்

இங்கே மே நடுவிலிருந்து அக்டோபர் வரை மழைதான். துணி காயப்போடும் கொடி வீட்டுக்குள்ளேயே கட்ட வேண்டியிருக்கும், அது தொய்யாமல் இருக்க வேண்டும். கையால் எவ்வளவு இழுத்தாலும் நான்கு ஈரக் கைலி போட்டதும் கொடி தரையைத் தொடும். அதற்கு லாரிக்காரர்கள் செய்யும் வேலையைச் செய்யுங்கள்.

ஒரு பக்கக் கொக்கியில் பௌலைன் போட்டு மாட்டுங்கள். கயிற்றை எதிர்ச் சுவருக்குக் கொண்டுபோய், அங்குள்ள கொக்கிக்கு இரண்டு முழம் முன்னால் கயிற்றின் நடுவில் எட்டு முடிச்சில் ஒரு கண்ணி போடுங்கள். முனையைக் கொக்கியில் சுற்றி, திரும்பக் கொண்டுவந்து அந்தக் கண்ணிக்குள் நுழைத்து, கொக்கிப் பக்கமாகவே இழுங்கள். கண்ணி ஒரு கப்பியைப் போல வேலை செய்யும். காகிதத்தில் கணக்குப் போட்டால் கை இழுப்பதைப்போல மூன்று மடங்கு இறுக்கம் வரும். கயிறும் கயிறும் உரசுவதில் அதில் கணிசமாகப் போய்விடும் என்றாலும் வித்தியாசம் கைக்கே தெரியும். இறுகியதும் கண்ணிக்குப் பக்கத்தில் விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, முனையை இரண்டு முறை சுற்றி நுழைத்து முடியுங்கள்.

ரொம்ப இறுக்கினால் கொக்கி சுவரோடு வந்துவிடும். பழைய சுண்ணாம்புச் சுவர் என்றால் நிச்சயம் வரும். பருத்தி அல்லது தேங்காய்நார்க் கயிறாக இருந்தால் இன்னொரு விஷயம்: நனைந்தால் இழைகள் ஊதும், ஊதியதும் கயிறு குறுகும். வெயிலில் கிண்ணென்று கட்டிய கொடி மழை ஈரத்தில் இன்னும் இறுகிக் கொக்கியைப் பிடுங்கிக்கொண்டு வரும். ஆகவே அந்த வகைக் கயிற்றைக் கொஞ்சம் தளர்வாகவே விடுங்கள். நைலான் நேர் எதிர், நாள்பட நீளும், வாரம் ஒருமுறை இறுக்க வேண்டியதுதான்.

கொடியில் சாணுக்கு ஒன்றாகச் சின்னச் சின்னக் கண்ணிகள் போட்டு வைத்தால் ஹேங்கர்கள் காற்றில் நகர்ந்து ஒரே மூலையில் குவியாது. இந்த இடத்தில் மட்டும் சாதா முடிச்சுக் கண்ணியே போதும். அவிழவே வேண்டாம் அல்லவா.

உறி

மொஹிங்கா விற்கும் பெண்கள் தோளில் காவுதடி வைத்து இரண்டு பக்கமும் கூடை தொங்கவிட்டுக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூடையைத் தாங்கும் கயிற்று அமைப்பும் நம் வீட்டு உறியும் ஒரே குடும்பம். இப்போது உறியில் யாரும் தயிர்ப்பானை வைப்பதில்லை, பூந்தொட்டி தொங்கவிடலாம். எறும்புக்கும் எலிக்கும் பயந்து நான் வெங்காயக் கூடையைத் தொங்கவிட்டிருக்கிறேன்.

ஒரு பிரிமணையோ உள்ளங்கை அகல இரும்பு வளையமோ எடுத்துக்கொள்ளுங்கள். எட்டடிக் கயிறு நான்கு. ஒவ்வொன்றையும் நடுவில் மடித்து, மடிப்பை வளையத்தின் அடியில் கொடுத்து, இரண்டு முனைகளையும் மடிப்புக்குள் இழுத்து இறுக்குங்கள். இது மேலே சொன்ன பைக் காது முறைதான். நான்கு திசையிலும் நான்கு. இப்போது எட்டுக் கால்கள் இருக்கும். நான்கு விரற்கடை மேலே, ஒரு கயிற்றின் வலது காலையும் அடுத்த கயிற்றின் இடது காலையும் சேர்த்து முடியுங்கள், நான்கு முடிச்சு வரும். பானை பெரிதென்றால் இன்னும் நான்கு விரற்கடை மேலே மறுபடி மாற்றி முடிந்து ஒரு வரிசை சேருங்கள். கடைசியில் எட்டுக் கால்களையும் ஒன்றாகப் பிடித்து, பானையை உட்காரவைத்துச் சாயாமல் சரிபார்த்த பிறகே மேலே பெரிய கண்ணி போடுங்கள். பானை இல்லாமல் அளந்து கட்டிய என் முதல் உறி ஒருபக்கமாகச் சாய்ந்தே நின்றது.

முடிச்சே இல்லாத கண்ணி

பன்சோடான் படித்துறையிலிருந்து ஆற்றின் மறுகரையிலுள்ள டலாவுக்குப் போகும் சம்பான் படகுகளில் துடுப்பைக் கம்பத்தோடு பிடித்துக்கொண்டிருப்பது ஒரு கயிற்று வளையம். இரும்பு ஆணி கிடையாது, அந்தக் கயிறு தேய்ந்தால் படகுக்காரரே மாற்றிக்கொள்வார். அதைக் கவனியுங்கள் என்று பெரியவர் சொன்னதற்குக் காரணம், படகுக்காரர்களின் கட்டுக்கயிறுகளில் முடிச்சுக்குப் பதிலாகப் புரியைப் பின்னிச் செய்த கண்ணி இருக்கும் என்பதுதான். முடிச்சைப் போல வலுவைத் தின்னாது. நன்றாகப் பின்னினால் கயிற்றின் வலுவில் பத்தில் ஒன்பது பங்கு அப்படியே இருக்கும்.

மூன்று புரிக் கயிற்றுக்குத்தான் இது ஆகும். முனையில் ஒரு முழத்துக்குப் புரிகளைப் பிரித்து, ஒவ்வொரு புரியின் நுனியையும் டேப்பால் சுற்றுங்கள். கண்ணியின் அளவுக்கு வளைத்து, பிரிந்த இடத்தைத் தாய்க்கயிற்றின் மேல் வையுங்கள். நடுப் புரியைத் தாய்க்கயிற்றின் ஒரு புரிக்கு அடியில் குறுக்காக நுழையுங்கள். இடது புரியை அதற்கு அடுத்த இடப்பக்கப் புரிக்கு அடியில். கயிற்றைத் திருப்பிப்போட்டு, மிச்சமிருக்கும் புரியை மிச்சமிருக்கும் புரிக்கு அடியில், அதே திசையில். இப்போது மூன்று புரியும் மூன்று வெவ்வேறு இடத்திலிருந்து வெளியே வர வேண்டும். ஓர் இடத்திலிருந்து இரண்டு வந்தால் தப்பு. அப்புறம் ஒவ்வொன்றாக, ஒரு புரியைத் தாண்டி அடுத்த புரிக்கு அடியில், மாறி மாறி. நார்க் கயிறென்றால் மூன்று சுற்று, வழுக்கும் நைலானுக்கு ஐந்து. நுழைக்க ஒரு மழுங்கிய பென்சில் போதும். முதல் தடவை ஒரு மணிநேரம் ஆகும், நாலாவது தடவை பத்து நிமிஷம்.

துணியில்

துணியிலும் இதே கண்ணிதான், அளவுதான் சின்னது. குரோஷா ஊசியால் பின்னுவதின் முதல் தையல் ஓர் உருவாஞ்சுருக்கு. அதற்குள் அடுத்த மடிப்பு, அதற்குள் இன்னொன்று. கடைசிக் கண்ணியில் முனையை நுழைத்து இறுக்காவிட்டால் ஓர் இழுப்பில் மொத்தமும் அவிழ்ந்து வெறும் நூலாகிவிடும். டர்க்கித் துண்டு தண்ணீரைக் குடிப்பதும் அதன் மேல் நெருங்கி நிற்கும் நூல் கண்ணிகளால்தான். அதில் ஒரு கண்ணி வெளியே நீண்டு வந்தால் இழுக்காதீர்கள், கத்தரித்துவிடுங்கள். நெய்த துணி என்பதால் அவிழாது.

செருப்பிலும் பையிலும் இருக்கும் வெல்க்ரோவிலும் ஒருபக்கம் கொக்கி, மறுபக்கம் கண்ணி. சுவிஸ் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் 1941இல் தன் நாயின் ரோமத்தில் ஒட்டிய முட்காய்களைப் பார்த்து யோசித்து, 1955இல் காப்புரிமை பெற்றது. இங்கே மழைக்காலச் செருப்பில் வெல்க்ரோ பிடிக்காமல் போனால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கொக்கிப் பக்கம் சேறும் நூலும் அடைத்திருக்கும். பழைய பல்துலக்கியால் தேய்த்துவிட்டால் இன்னொரு வருஷம் ஓடும்.

கல்யாணத்துக்கு பர்மிய நண்பர்கள் போடும் தைபோன் மேலங்கியைக் கவனித்திருக்கிறீர்களா? துணியையே முடிச்சாக்கிய பொத்தான், எதிரே துணிக் கண்ணி. அந்தக் கண்ணி பிய்ந்தால் நீங்களே தைக்கலாம். துணியைக் குறுக்காக, தையற்காரர் கிராஸ் என்பாரே அப்படி, ஓர் அங்குல அகலத்துக்கு வெட்டுங்கள். நேராக வெட்டினால் வளையும்போது சுருக்கம் விழும். உள்பக்கம் வெளியே வர மடித்துத் தைத்து, ஊசி நூலை உள்ளே விட்டு இழுத்து வெளிப்புறமாகத் திருப்புங்கள். நீளத்துக்குக் கணக்கு: பொத்தானின் அகலமும் தடிமனும் சேர்ந்தது எவ்வளவோ அதைப்போல இரண்டு மடங்கு, அதோடு தைக்க இரண்டு முனையிலும் அரை அங்குலம். ஒரு நூலிழை சின்னதாகவே தையுங்கள், போடப் போடக் கண்ணி நெகிழும்.

பால்கனிக் கயிற்றை நான் வருஷா வருஷம் பர்மியப் புத்தாண்டான திஞ்சான் முடிந்ததும், மழை தொடங்குவதற்கு முன்னால், மாற்றிவிடுகிறேன். கிராதியில் உரசும் இடத்தில்தான் முதலில் தேயும், அங்கே நகத்தால் கீறிப் பார்த்து இழை உதிர்ந்தால் வருஷம் முடியக் காத்திருப்பதில்லை. கழற்றிய கயிற்றில் நல்ல பகுதி நான்கைந்து கெஜமாவது மிஞ்சும். அதைக் கீழே நிற்கும் சைக்காக்காரரிடம் கொடுத்துவிடுவேன், மூட்டை கட்ட ஆகும். வாங்கிக்கொண்டு, முதல் வேலையாக மேலே பார்த்து இருக்கையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்வார்.